நனையக்கூடாத படங்கள்

ஒட்டுசுட்டானில் நான் வேலை செய்யும் கடையைக் கொமினிக்கேசன் என்பார்கள். முன்னொரு காலத்தில் சனம் அங்கே வரிசையில் நின்று வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்தது. இப்போது எல்லோருடைய கையிலும் போன் இருக்கிறது. கடையின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. போட்டோக் கொப்பி எடுப்போம், அழைப்பிதழ் அடிப்போம், கண்ணீர் அஞ்சலிப் பதாகை செய்வோம், கடதாசிகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து லமினேற் பண்ணுவோம். முதலாளியை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவரையும் என்னையும் விட்டால் கடையில் வேறு ஆள் இல்லை.

பதாகைகளைக் கொம்பியூட்டரில் ஒழுங்குபடுத்துவது என் வேலை. இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு, நடுவில் முட்டை வடிவத்துக்குள் இறந்தவரின் முகம், கீழே துயருறும் உறவுகளின் பெயர்கள். எல்லாச் சாவுக்கும் அதே விளக்கு, அதே ரோசாப்பூ. வைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குச் சைக்கிள் உழக்கும் வழியெல்லாம் கவலைப்படுவேன். பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்குமோ? முகத்தை வெளிச்சமாக்குகிறேன் என்று ஆளையே மாற்றிவிட்டேனோ? கவலைப்பட எனக்குப் பெரிய காரணம் தேவையில்லை. வானம் இருண்டாலும் கவலை, இருளாவிட்டாலும் கவலை.

ஒருமுறை உழவு மெசின் ஓட்டிய ஒருவர் இறந்துபோனார். அவருடைய பதாகையில் ரோசாப்பூவையும் விளக்கையும் எடுத்துவிட்டு, உழுத வயலின் கோடுகள் தூரத்தில் போய் ஒன்றுசேர்வது மாதிரி ஒரு படத்தைப் பின்னால் வைத்தேன். அவருடைய மனைவி வந்து கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விளக்கு இல்லையோ பிள்ளை?"

"வேணுமெண்டால் வைக்கலாம் அம்மா."

"இல்லை. இருக்கட்டும்."

அவ்வளவுதான் கதைத்தார். பிடித்ததா, அழுது களைத்ததால் விட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த 'இருக்கட்டும்' என் காதுக்குள் வெகுகாலம் இருந்தது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் பதாகைகள் எல்லாம் அடித்து முடிந்து, கடை ஓய்ந்திருந்த நாளொன்றில் வவுனியாவில் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து ஒருவர் அறிவித்தல் ஒன்றைக் கொப்பி எடுக்கக் கொண்டுவந்தார். வடிவமைப்பு அறிமுகக் கற்கைநெறி, ஒரு வருடம். முடித்தவர்கள் பிறகு அச்சு, புடவை, பொருட்களைப் பொதிசெய்யும் பெட்டிகள், வீட்டு உட்புறம் என்று எந்த வடிவமைப்புத் துறைக்கும் போகலாம் என்று இருந்தது. மெசினுக்குள் தாள் ஓட ஓட ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையாதவர்களும், வேலை அனுபவமும் தாமே செய்த படைப்புகளும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். வயது முப்பதுக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த சித்திரையில் எனக்கு முப்பது. இந்த முறை தவறினால் பிறகு இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். போரின் கடைசி இடப்பெயர்வில் அம்மா எங்கள் கடதாசிகளையெல்லாம் ஒரு சொப்பிங் பைக்குள் போட்டுக் கட்டி, வயிற்றோடு சேர்த்துச் சேலையால் சுற்றிக்கொண்டு நீரேரியைக் கடந்தார். அப்பா அந்தப் பயணத்தின் நடுவில் இல்லாமல் போனார். முகாமில் வந்து பையை அவிழ்த்தபோது உள்ளே கூழ் மாதிரி ஏதோ இருந்தது. பிறப்புப் பத்திரங்களை அரசாங்கம் திருப்பிக் கொடுத்தது. என் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகளை யாரும் திருப்பித் தரவில்லை. மீளக்குடியேறிய பிறகு, படித்ததற்கு அத்தாட்சி இல்லையென்றால் கீழ் வகுப்பில் இருக்கவேண்டும் என்றார்கள். என் தோளுக்கும் வராத பிள்ளைகளோடு இருக்க வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கும் சுகமில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நின்றுவிட்டேன்.

அந்தக் கூழிலிருந்து தப்பியது அப்பாவின் ஒரேயொரு படம். அதுவும் முழுதாக இல்லை. முகம் இருந்த இடம் கரைந்து வெள்ளையாகிவிட்டது. கழுத்துக்குக் கீழே கோடு போட்ட சட்டை மட்டும் தெளிவாக இருக்கிறது. அந்தச் சட்டையை நாங்கள் லமினேற் பண்ணி வைத்திருக்கிறோம்.

எங்களைப்போலத்தான் இங்கே எல்லோரும். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, பிள்ளையின் பரிசுச் சான்றிதழ், காணாமல் போனவருக்காக எழுதிய முறைப்பாட்டின் கொப்பி எல்லாம் லமினேற் பண்ணக் கடைக்கு வரும். பிளாஸ்டிக்குக்குள் போய்ச் சூடாக வெளியே வரும்போது வாங்கி, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் முகத்தில் ஓர் ஆறுதல் வரும். ஒரு ஐயா கிளினிக் அட்டையைக் கொண்டுவந்தார்.

"ஐயா, இதில டொக்டர் இன்னும் எழுதவேணும். பிளாஸ்டிக் போட்டால் பேனை பிடிக்காது" என்றேன்.

"எழுதினது காணும், இனி வேண்டாம் பிள்ளை. நீ போட்டுவிடு."

அன்றைக்கு அவருக்கு அவ்வளவு விளக்கமாகச் சொன்னவள் நான்.

விண்ணப்பித்ததை அண்ணையிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"டிசைன் படிக்கப் போறியோ? அப்ப இனி எங்கட விளக்கையும் ரோசாப்பூவையும் ஆர் பாக்கிறது?"

"கிடைச்சாத்தானே அண்ணை."

"கிடைக்கும், கிடைக்கும். செத்த சனத்தின்ர ஆசீர்வாதம் உனக்குத்தான் கூட."

அம்மா சிரிக்கவில்லை. "வயசு போன நேரத்தில என்ன படிப்பு?" என்று மட்டும் கேட்டார். பிறகு இரண்டு நாள் கழித்து, நெல் புடைத்துக்கொண்டிருக்கும்போது தானாகவே, "படிச்சால் என்னவா வருவாய்?" என்றார். அரிசிப் பைக்கும் மிளகாய்த்தூள் பெட்டிக்கும் மேலே இருக்கும் படத்தையும் எழுத்தையும் யாரோ இருந்து யோசித்துத்தான் செய்கிறார்கள், அந்த வேலைக்குப் போகலாம் என்றேன். அம்மா சுளகை நிறுத்திவிட்டு, மூலையில் கிடந்த மாப் பையைப் பார்த்தார். "இதையோ? இதுக்கும் ஆளோ?" என்றார். பிறகு நெடுகிலும் அந்தப் பையைப் பார்ப்பதைக் கண்டேன்.

கல்லூரி அனுப்பிய குறிப்பில், நேரில் பார்த்துக் கீறிய படங்களை ஒரு தொகுப்பாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தது. பயிற்சித் தாள்களையும், திருத்தியவற்றையும், சரிவராதவற்றையும் சேர்த்துக்கொண்டு வரவும் என்று ஒரு வரி. அந்த வரியை நான் நம்பவில்லை. நேர்முகத்துக்குப் போகிறவர் தன் பிழையைத் தானே பைக்குள் போட்டுக்கொண்டு போவாரா? எங்களிடம் முன்பு முகாமில் விசாரிக்க வந்த எத்தனையோ பேர், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், ஒன்றும் நடக்காது என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் அது ஒரு பொறி என்றே எடுத்துக்கொண்டேன்.

மென்மையான பென்சில் ஒட்டுசுட்டானில் இல்லை. முல்லைத்தீவுக்குப் போன அண்ணையிடம் சொல்லி எடுப்பித்தேன். கடை ஓய்ந்த வேளைகளில் கீறினேன். வீதியில் படுத்திருக்கும் மாடுகள், யானைக்குப் பயந்து இழுத்த கம்பிவேலி, கிணற்றடி வாளி, பஸ்சுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாதங்கள். எது கீறினாலும் முதல் தாள் பிழைக்கும், இரண்டாவது பிழைக்கும். அழிறப்பரால் அழித்து அழித்துத் தாளே பஞ்சாகும். பிழைத்ததை அடுத்த நாள் காலையில் அம்மா அடுப்பு மூட்டக் கேட்பார், கொடுத்துவிடுவேன்.

அதுவும் எங்கள் வீட்டில் பழகிப்போன ஒன்று. பிழையான தாள் வீட்டில் இருக்கக்கூடாது. நீரேரியைக் கடப்பதற்கு முன்பும் அம்மா எரித்தார், முகாமிலிருந்து வந்த பிறகும் எரித்தார். பழைய கலண்டர், யாருடைய தோளிலோ கைபோட்டு நிற்கும் படம், என் கட்டுரைக் கொப்பி. ஆமி சோதித்தால் எது பிழை, எது சரி என்று யாரும் எழுதித் தரவில்லை. அதனால் சந்தேகமாக இருந்தது எல்லாம் அடுப்புக்குப் போனது.

அப்பாவின் முகத்தையும் கீறிப் பார்த்தேன். நேரில் பார்த்துக் கீற ஆள் இல்லையென்றாலும், அந்தச் சட்டைக்கு மேலே வைத்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும்போல் இருந்தது. கண் வரும், வாய் வராது. வாய் வந்தால் அது கடைக்கு வந்துபோன வேறு யாருடையதோ வாயாக இருக்கும். பதாகைகளில் நான் வெளிச்சமாக்கிய முகங்கள் எல்லாம் குறுக்கே வந்து நின்றன. அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அழுவாரோ என்று பயம், அழாமல் விட்டால் இன்னும் பயம். எத்தனையோ தாள் பிழைத்தது. எல்லாவற்றையும் முகம் உள்ளே இருக்கும்படி மடித்து அடுப்புக்குள் நானே தள்ளினேன். தொகுப்பில் அப்பா இல்லை.

கடைசியாக நன்றாக வந்தது அம்மாவின் படம். குசினியில் குந்தியிருந்து ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறார். புகைக்காகக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார். அந்தச் சுருக்கம் அப்படியே வந்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"எனக்கு இவ்வளவு கிழடோ?" என்றார். பிறகு, "பத்திரமா வை. கை பட்டால் கரி இழுபடும்" என்றார்.

அந்தப் 'பத்திரமா' என்னைப் பிடித்துக்கொண்டது. நேர்முகம் மாரியில். இங்கிருந்து நெடுங்கேணியால் புளியங்குளத்துக்குப் போய், அங்கே இறங்கி வவுனியாவுக்கு இன்னொரு பஸ் எடுக்கவேண்டும். பஸ் கூரை ஒழுகினால்? புளியங்குளம் சந்தியில் இறங்கும்போது மழை அடித்தால்? படங்களைப் பொலித்தீனால் சுற்றினேன். அதற்கு மேல் இன்னொன்று சுற்றினேன். இருந்தும் நித்திரை கொள்ளும்போது அந்தச் சொப்பிங் பையும் கூழும்தான் வந்தன. நேர்முகத்துக்கு முதல்நாள் மத்தியானம் கடையில் மெசினைச் சூடாக்கி, எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன்.

அண்ணை எட்டிப் பார்த்தார். "இப்ப சுனாமி வந்தாலும் உன்ர படம் மிதக்கும்" என்றார்.

கடைசித் தாள் சூடாக வெளியே வந்தபோது நானும் என் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்தேன். அறிவித்தலைக் கொப்பி எடுத்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் இறங்கியது.

மழை பெய்யவில்லை. போகும் வழியெல்லாம் வானம் மூடியிருந்தது, ஆனால் ஒரு துளியும் விழவில்லை.

கல்லூரியின் நீண்ட நடைபாதையில் இருப்பதற்கு வாங்குகள் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் வவுனியா டவுனிலிருந்து வந்த ஒரு பிள்ளை. கையெல்லாம் கரி. ஒரு கட்டுத் தாளைச் சுருட்டி றப்பர் பாண்ட் போட்டிருந்தாள். ஓரமெல்லாம் கசங்கி, தேத்தண்ணி ஊற்றிய கறையும் இருந்தது. என் மடியைப் பார்த்தாள்.

"என்ன அக்கா, சாப்பாட்டுக்கடை மெனு மாதிரிக் கிடக்கு?"

"நனையாமல் இருக்க."

"ஐயோ, என்ரயைப் பாருங்கோ. நேற்று இரவு பூனை வேற மேல படுத்திட்டுது."

அவளுக்காக நான் கவலைப்பட்டேன். பாவம், இந்தக் கோலத்தில் கொண்டுபோய்க் காட்டப்போகிறாளே என்று. அவளை முதலில் கூப்பிட்டார்கள். கதவுக்குப் பின்னால் அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கனநேரம் கேட்டது.

என்னைக் கூப்பிட்டபோது உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு மிஸ், தாடி வைத்த ஒரு சேர். இருங்கோ என்றார்கள். ஏன் படிக்க விருப்பம் என்று மிஸ் கேட்டார். உழவு மெசின்காரரின் பதாகையைப் பற்றிச் சொன்னேன். மிஸ் முன்னால் சரிந்து கேட்டார். "அந்த அம்மா இருக்கட்டும் எண்டு சொன்னவவோ?" என்று திருப்பிக் கேட்டு, எதையோ எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி நினைத்த நேரங்கள் குறைவு.

பிறகு படங்களைக் கையில் எடுத்தார்கள். மேலே எரிந்த லைற் பிளாஸ்டிக்கில் பட்டுத் தெறித்தது. மிஸ் இப்படிச் சரித்தார், அப்படிச் சரித்தார்.

"லைற் அடிக்குது. கோடு ஒண்டும் பிடிபடேல்லை. ஏன் இதுக்குப் பிளாஸ்டிக்?"

"நனையாமல் இருக்க மிஸ்."

"எங்கயிருந்து வாறீங்கள்?" என்று சேர் கேட்டார்.

"ஒட்டுசுட்டான்."

"அங்க அவ்வளவு மழையோ?"

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கச் சொன்னால் சிரிப்பேன், அது எனக்குப் பழக்கம்.

மிஸ் சிரிக்கவில்லை. "பழகின தாள் எல்லாம் எங்க? பிழைச்சது, அழிச்சது, திருப்பிக் கீறினது?"

"இல்லை மிஸ்."

"கொண்டு வரேல்லையோ?"

"எரிச்சிட்டன்."

"எரிச்சதோ! ஏன் பிள்ளை?"

"பிழையெண்டபடியால்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். "நீங்கள் எப்பிடி யோசிக்கிறீங்கள் எண்டு அந்தப் பிழையளிலதான் எங்களுக்குத் தெரியும்" என்றார் மிஸ், மெதுவாக. "சரி, பரவாயில்லை. இதில ஒண்டை எடுங்கோ. பென்சில், கத்தரிக்கோல், பசை எல்லாம் அங்க இருக்கு. வெட்டி, ஒட்டி, மேல கீறி, என்ன வேணுமெண்டாலும் செய்யலாம். இதை வேற ஒண்டா மாத்துங்கோ. வடிவா வரவேணுமெண்டில்லை."

அம்மாவை எடுத்தேன். ஏன் மாட்டையோ வாளியையோ எடுக்கவில்லை என்று தெரியாது. மேலே பென்சிலை வைத்தேன், வழுக்கியது. அழுத்தினேன், பிளாஸ்டிக்கில் ஒரு பள்ளம் விழுந்தது, கோடு விழவில்லை. கிளினிக் அட்டை கொண்டுவந்த ஐயா எனக்கு நினைவுக்கு வந்தார்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன். கடையில் என் கைக்கு ஒரு முறை பழகியிருக்கிறது. தாளின் விளிம்புவரை வெட்டக்கூடாது. சுற்றிவரப் பிளாஸ்டிக்கில் ஒரு கரை விடவேண்டும். அந்தக் கரை போனால் தண்ணீர் உள்ளே போகும். அந்தக் கையைக்கொண்டு அம்மாவின் முகத்துக்குக் குறுக்கே வெட்டவேண்டும். கத்தரிக்கோலைக் கரைவரை கொண்டுபோவேன், கை நின்றுவிடும். திருப்பி மற்றப் பக்கத்தால் கொண்டுபோவேன், அங்கும் நின்றுவிடும். வியர்வை வழிந்து பிளாஸ்டிக்கில் விழுந்தது. அது உள்ளே போகவில்லை.

நேரம் முடிந்தது என்று சேர் சொன்னபோது, என் கையில் அதே படம் இருந்தது. நான்கு மூலையையும் மட்டும் வட்டமாக வெட்டியிருந்தேன். கடையில் எல்லோருக்கும் செய்வதுதான்.

மிஸ் அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "மூலையை வட்டமாக்கி இருக்கிறீங்கள்."

"ஓம் மிஸ். பைக்குள்ள வைச்சால் குத்தாமல் இருக்க."

"ம்" என்றார். அவருடைய முகத்தில் ஏதோ மாதிரி ஓர் ஈரம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது, கரிக்கைப் பிள்ளை இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "எப்பிடி அக்கா?" என்றாள். "நல்லம்" என்றேன்.

அடுத்த நாள் கடைக்குப் போய் முதல் வேலையாக அம்மாவின் படத்திலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் பார்த்தேன். மெல்லிய பிளேட்டைக் கரையில் வைத்துக் கிளப்பினேன்.

"அது பிரியாது தங்கச்சி" என்றார் அண்ணை. "போட்டால் போட்டதுதான். உனக்குத் தெரியாததே?"

தெரியும். இருந்தும் இழுத்தேன். தாள் இரண்டாகப் பிளந்தது. பென்சில் கோடெல்லாம் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. அம்மாவின் சுருங்கிய கண் ஒரு பக்கம், புகை இன்னொரு பக்கம். என் கையில் மிஞ்சிய தாளில் மெல்லிய மயிர் மாதிரி வெள்ளை மட்டும் இருந்தது. அண்ணை வழக்கம்போல் பகிடி விடவில்லை. அன்று அவரே தேத்தண்ணி வாங்கிவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முடிவு போனில் குறுஞ்செய்தியாக வந்தது. அப்போது நான் ஓர் அம்மாவுக்குப் பேரனின் பிறப்புப் பத்திரத்தை மெசினுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். வடிவமைப்பு அறிமுகக் கற்கைநெறிக்குத் தாங்கள் தெரிவுசெய்யப்படவில்லை. தங்கள் அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, அச்சும் அதன் முடிப்பு வேலைகளும் என்ற குறுகியகாலப் பயிற்சியில் இடம் வழங்கலாம். புத்தகம் கட்டுதல், மட்டை வெட்டுதல், லமினேற் செய்தல்.

அண்ணையிடம் காட்டினேன். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"லமினேற் படிக்கவோ? நீ போய் அவைக்குப் படிப்பிச்சுவிட்டு வா."

இருவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பிறப்புப் பத்திரம் கொண்டுவந்த அம்மா, "என்ன பிள்ளை, பிழைச்சுப்போச்சோ?" என்று பதறினார். இல்லை அம்மா, வடிவாக வந்திருக்கு என்று எடுத்துக் கொடுத்தேன்.

போவதா, விடுவதா என்று இன்னும் பதில் போடவில்லை. பயிற்சி தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கும். முடித்தால் யாழ்ப்பாணத்தில் பெரிய அச்சகங்களில் வேலை எடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் அங்கே வேறு யாரோ இருந்து யோசித்துச் செய்த பெட்டியை நான் வெட்டி மடித்துக் கொடுப்பேன். போகாமல் விட்டால் விளக்கும் ரோசாப்பூவும். அம்மா மாப் பையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அல்லது நான் பார்க்கும்போது அவர் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் செய்கிறேன். கடையில் பழுதாகிப்போன பதாகைத் தாள்களின் பின்பக்கத்தில் கீறுகிறேன். பெரும்பாலும் அப்பாவின் முகம்தான். சரிவருவதில்லை. சரிவராததை எரிக்காமல் ஓர் உரப்பைக்குள் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். யாருக்குக் காட்டப்போகிறேன் என்று தெரியாது. அத்தனை பிழையான தாள் வீட்டுக்குள் கிடக்கிறது என்ற எண்ணமே எனக்குப் பயம் தருகிறது. வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் முதலில் கட்டிலுக்குக் கீழேதான் பார்க்கிறேன்.

போன கிழமை நல்ல மழை. விறகெல்லாம் ஈரம். நான் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் உரப்பை வாய் திறந்து கிடந்தது. கையில் ஒரு தாள்.

"பிழைச்சதுதானே இதெல்லாம்?" என்றார், திரும்பாமல்.

"ஓம் அம்மா."

"பிறகேன் வைச்சிருக்கிறாய்?"

அம்மா தாளை அடுப்பின் பக்கம் கொண்டுபோனார். பிறகு திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது.

"மூக்குப் பிழை" என்றார். "அவருக்கு இவ்வளவு கூரில்லை. கொஞ்சம் சப்பை."

ஈரப் பெருவிரலை மூக்கின்மேல் வைத்துக் காட்டினார். பிறகு தாளை என்னிடம் நீட்டிவிட்டு, பரணில் கிடந்த காய்ந்த தென்னம் பன்னாடையை இழுத்து அடுப்புக்குள் வைத்து ஊதத் தொடங்கினார். புகை வந்தது, கண்ணைச் சுருக்கினார்.

நான் தாளைப் பார்த்தேன். விரல் பட்ட இடத்தில் கரி இழுபட்டு மூக்கு உண்மையிலேயே கொஞ்சம் சப்பையாகியிருந்தது. லமினேற் பண்ணிய அந்தச் சட்டைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். அப்போதும் அது அப்பா இல்லை.